பன்னிரண்டு கையெழுத்து

பன்னிரண்டு பேரிடம் பன்னிரண்டு படிவம் கொடுத்தனுப்பியதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பெஞ்சமின் வரிசையை இன்னொரு தடவை பார்த்தார். திங்கட்கிழமை சாயங்காலம். பள்ளிக்கூட மைதானத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய சாரணர்கள் பன்னிரண்டு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"ஏம்ப்பா, வீட்டில் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாங்களா?"

அணித்தலைவன் பிரவீன்தான் வாயைத் திறந்தான். "அப்படி இல்லீங்க சார். உங்களையே நேர்ல வரச் சொன்னாங்க."

"யார் வீட்டில்?"

"எல்லார் ஊட்லயுந்தானுங்க."

அடுத்த வாரம் மலைக்குக் கீழே புளியஞ்சோலையில் மூன்று நாள் முகாம். எட்டுச் சாரணர் படைகளுக்குத்தான் இடம். ஆரம்பித்து எட்டே மாதமான செம்மேட்டுப் படைக்கு அந்த எட்டில் ஒன்று கிடைத்தது என்பதைப் பெஞ்சமினாலேயே நம்ப முடியவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் பெற்றோர் சம்மதக் கடிதம் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

பெஞ்சமின் வாத்தியார் இல்லை. மலைமேல் செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். திண்டுக்கல்காரர். மனைவியும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜாஸ்மினும் ஊரில் இருந்தார்கள். சின்ன வயதில் சாரணனாக இருந்த ஆசையில், ஞாயிற்றுக்கிழமையானால் பையன்களுக்கு முடிச்சுப் போடவும், முதலுதவிக் கட்டு கட்டவும் சொல்லிக்கொடுத்தார். அதனால் மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போக முடிந்தது.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. யார் வீட்டிலும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அரசாங்க ஆள் ஒரு பலாச்சுளையைத் தொட்டாலும் அதற்கு லஞ்சம் என்று பெயர் வந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஆகவே எந்த வீட்டுக்கும் போவதே இல்லை.

இப்போது போயாக வேண்டியிருந்தது.

முதலில் பிரவீனின் அப்பா செல்லமுத்து வீடு.

"வாங்க சார், உக்காருங்க. காப்பி போடச் சொல்றேன்."

"காப்பியெல்லாம் வேண்டாங்க. ஒரே ஒரு கையெழுத்து."

"அதுக்கென்னங்க, போட்டாப் போச்சு. ஆனா அந்தத் தாளைப் பத்திரமா வெச்சுட்டேனுங்க."

"நல்லதுங்க. எடுத்துட்டு வாங்க."

"எங்க பத்திரமா வெச்சேன்னு தெரியலீங்களே. நாளைக்கு வாங்க."

பெஞ்சமினுக்கு என்னவோ போல் இருந்தது. அலுவலகத்தில் தினமும் பத்துப் பேரிடமாவது 'நாளைக்கு வாங்க' என்று சொல்கிறவர் அவர். அவரிடம் யாரும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை முன்னெச்சரிக்கையாகப் படிவத்தைப் பன்னிரண்டு நகல் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சந்தோஷ்குமாரின் அம்மா பாவாயி நகலை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பேனா இல்லீங்களே."

பெஞ்சமின் பேனாவை நீட்டினார்.

"எனக்குக் கையெழுத்துப் போட வராதுங்க சார். கைநாட்டுத்தான். அதுக்கு மை வேணுமில்லீங்க."

பெஞ்சமின் வண்டியைத் திருப்பிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். மைப்பெட்டி அரசாங்கச் சொத்து. மேசை இழுப்பறையில், 'மைப்பெட்டி ஒன்று, இரவலாக எடுக்கப்பட்டது' என்று தேதி போட்டு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, திருடனைப் போலச் சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்தார்.

பாவாயி மைப்பெட்டியை மரியாதையாகப் பார்த்தாள். "இன்னிக்குச் செவ்வாக்கிழமைங்களே. செவ்வாக்கிழமையில நான் மை தொடமாட்டனுங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"இப்பத்தானுங்க ஞாபகம் வந்துச்சு. வந்ததுதான் வந்தீங்க, ரெண்டு பலாச்சொளை சாப்பிடுங்க."

சாப்பிடாமல் வந்தார். அன்றைக்கு இன்னும் மூன்று வீடுகள் ஏறி இறங்கினார். ஒரு வீட்டில் அப்பா மிளகு பறிக்கப் போயிருந்தார். ஒரு வீட்டில் தாய்மாமனைக் கேட்க வேண்டுமாம். ஒரு வீட்டில் கண்ணாடி உடைந்துவிட்டதாம். மூன்று வீட்டிலும் சாப்பிடச் சொன்னார்கள். மூன்று வீட்டிலும் நாளைக்கு வரச் சொன்னார்கள்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பூபாலன் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். புதன்கிழமை கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சோறு போடறேன்னா வேண்டாங்கறீங்க. அப்புறம் எப்படிங்க கையெழுத்துப் போடுவாங்க? ஒரு ஊட்ல ஒரு வாய் காப்பி குடிச்சுப் பாருங்க."

இருபத்திரண்டு வருடப் பிடிவாதத்தைப் பெஞ்சமின் அன்று சாயங்காலம் செல்லமுத்து வீட்டில் ஒரு டம்ளர் காப்பியோடு முடித்துக்கொண்டார். காப்பிக்குப் பின்னால் களி வந்தது, களிக்குப் பின்னால் கோழிக்குழம்பு. மிளகுக் காரத்தில் மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். செல்லமுத்து முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"இப்பக் கையெழுத்து?"

"நாளைக்கு வாங்க சார். மீன் வாங்கியாறேன்."

விஷயம் விடிவதற்குள் பரவிவிட்டது. வியாழக்கிழமை போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி.

"ஏனுங்க, செல்லமுத்து ஊட்ல மட்டும் சாப்பிட்டீங்களாமா. எங்க ஊட்டுச் சோறு எறங்காதுங்களா?"

அன்றைக்கு ஐந்து வீட்டில் சாப்பிட்டார். சாமைச் சோறு, களி, பலாக்கொட்டைக் குழம்பு, கோழி, மறுபடியும் கோழி. நான்காவது வீட்டில் பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். ஐந்தாவது வீட்டில் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

அந்த ஐந்தாவது, இளங்கோவின் வீடு. மழை பிடித்துக்கொண்டதால் உடனே கிளம்ப முடியவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த முடிச்சில்தான் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருப்பதாக இளங்கோ இழுத்துக் காட்டினான். முடிச்சு அவிழ்ந்து குட்டி அடுப்படிக்குள் ஓடியது. பெஞ்சமின் வாய்விட்டுச் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது. இளங்கோவின் தங்கை அவர் முழங்கையில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். அவளை எழுப்ப மனமில்லாமல், மழை விட்ட பிறகும் அரைமணி நேரம் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். கையெழுத்தைப் பற்றிக் கேட்க மறந்துபோனார்.

அறைக்கு வந்ததும் மகளைப் போனில் கூப்பிட்டுச் சாப்பிட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எத்தனை கையெழுத்துப்பா ஆச்சு?" என்றாள் ஜாஸ்மின்.

"ஒண்ணும் ஆகலை."

"குரல் மட்டும் நல்லா இருக்கே."

வெள்ளிக்கிழமை காலை மாவட்ட அமைப்பாளர் கோகிலவாணி போனில் கூப்பிட்டார். "பெஞ்சமின் சார், உங்க படை மட்டும்தான் பாக்கி. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல என் கையில் இல்லை."

போனை வைத்தபோது எதிரே இருசாயி என்ற வயதான அம்மாள் மனுவோடு நின்றிருந்தாள். பெஞ்சமின் வழக்கம்போல வாயெடுத்தார். "நாளைக்கு..."

பாதியில் நிறுத்தி, மனுவைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. அலமாரியைத் திறந்து நிலுவையில் கிடந்த மனுக்களைப் புரட்டினார். செல்லமுத்துவின் மனு நான்கு மாதமாக இருந்தது. பாவாயியினுடையது அதற்கும் முன்னால் வந்தது. பன்னிரண்டு வீட்டில் ஏழு வீட்டுக்காரர்களை அவர் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை என்ற பெருமையில், அவர்கள் எத்தனை மைல் நடந்து வந்தார்கள் என்பதை யோசித்ததே இல்லை. அதைத்தான் இந்த ஐந்து நாளாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கோழி அடித்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறி, சிரித்த முகத்தோடு கொடுக்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இருசாயியின் மனுவோடு சேர்த்து எட்டு மனுவுக்கும் குறிப்பு எழுதி, மூன்று மணிக்குள் அதிகாரியின் மேசையில் வைத்தார். பூபாலன் கடிகாரத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

சாயங்காலம் பன்னிரண்டு வீட்டாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார். எல்லோரும் வந்தார்கள். பையன்கள் ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நான் உங்களை ரொம்ப அலைய விட்டிருக்கேன்," என்று பெஞ்சமின் ஆரம்பித்தார். "இந்த அஞ்சு நாள்ல அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க மனுவெல்லாம் இன்னிக்கு மேல அனுப்பிட்டேன். முன்னாடியே அனுப்பியிருக்கணும். தப்பு என்னோடது. கோபத்தை என்மேல காட்டுங்க. பசங்க முகாமுக்குப் போகட்டும். இவங்க எட்டு மாசமா காத்துக்கிட்டு இருக்காங்க."

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோவமா? உங்க மேல என்னங்க சார் கோவம்?" என்றார் செல்லமுத்து. பிறகு மகன் பக்கம் திரும்பி, "போதும்டா சாமி. எடுத்துக் குடுத்துரு. மனுசன் அழுதுருவாரு போல," என்றார்.

பிரவீன் சட்டைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினான். உள்ளே பன்னிரண்டு படிவங்கள். பெஞ்சமின் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பன்னிரண்டிலும் கையெழுத்து இருந்தது. கைநாட்டு என்று சொன்ன பாவாயியின் கையெழுத்துத்தான் இருப்பதிலேயே அழகு. எல்லாவற்றிலும் தேதி ஒன்றுதான்: போன ஞாயிற்றுக்கிழமை.

"அன்னிக்கே போட்டாச்சா? அப்புறம் எதுக்குங்க என்னை இப்படி வீடு வீடா வரவெச்சீங்க?"

இளங்கோவின் அம்மா கண்ணாயி, இடுப்பில் இருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"தினம் ஒரு நல்ல காரியம் பண்ணோணும்னு நீங்கதானுங்க பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களாமா, ஞாயித்துக்கெழம மத்தியானமானா பள்ளிக்கூடத்துப் படியில தனியா உக்காந்து பன்னு திங்கிற ஒருத்தரை ஊட்டுக்குக் கூட்டியாந்து சோறு போட இவனுங்களுக்கு வேற வழி தெரியலீங்களாமா."