கறுப்பு சரியாகத்தான் இருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சுவரில் விழுந்த கறுப்பு, கறுப்பாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். மூக்கில் கரி, சேலையில் கரி, சம்பந்தியம்மாவின் காதுக்குள் கரி, எல்லாம் வரும். படம் எப்படி இருந்தது என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே! (நியாயம் என்பது எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.)

என் தங்கச்சி கலாவுக்குப் பரிசம் போட வந்த நாள் அது. நாங்கள் குருவிட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்துக்காரர்கள். ரப்பர் சீட்டுகளுக்குப் புகை போட்டுக் காயவைக்கும் ஸ்மோக் ஹவுஸில் அப்பாவுக்கு வேலை. எனக்கு டவுனில் போன் ரிப்பேர் கடையில். மாப்பிள்ளை ரமேஷின் குடும்பம் பலாங்கொடையில் துணிக்கடை வைத்திருந்தது. கலாவும் ரமேஷும் தாங்களாகவே விரும்பி, இரண்டு வீட்டையும் இழுத்துப் பிடித்துச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். சம்மதம் இன்னும் ஈரம் காயாமல் இருந்த நேரம்.

பெண் பார்க்க வந்த அன்றே ரமேஷின் சித்தி ஒரு வார்த்தை விட்டிருந்தார். "தோட்டத்துப் புள்ளதானே, எல்லாத்தையும் சுருக்கமா முடிச்சிருவோம்."

சுருக்கமாகவாம்! எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே முதலில் பட்டம் வாங்கினவள் கலா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பரிசத்தன்று அவள் படங்களை எல்லாம் சுவரில் பெரிதாகக் காட்டி, கடைசியில் அந்தக் கறுப்பு அங்கியோடு அவள் நிற்கும் பட்டமளிப்புப் படத்தைப் போட்டு, சித்தியின் வாயை அடைப்பது என்று முடிவு செய்தேன்.

சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு புரொஜெக்டர் ஆன்லைனில் கிடைத்தது. வீட்டுக்குள்ளேயே தியேட்டர் என்று விளம்பரம். போட்டுப் பார்த்தால் கலாவின் கறுப்பு அங்கி சாம்பல் நிறத்தில் தெரிகிறது. தலைமுடியும் அப்படியே.

"என்னாடா இது, புள்ளைக்கு இப்பவே நரைச்சிருச்சு?" என்றார் அப்பா.

பெட்டியைக் கழற்றினேன். விஷயம் புரிந்தது. விளக்கின் வெளிச்சம் நேராக லென்ஸ் வழியாக வெளியே போக வேண்டும். ஆனால் இந்தப் பெட்டியின் உள்சுவர் பளபளவென்று இருந்தது. அதில் பட்டுத் தெறித்த வெளிச்சம் உள்ளே கண்டபடி அலைந்து, பிறகு அதுவும் லென்ஸ் வழியாகவே வந்து, இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. போதாததற்குக் காற்று வரும் துவாரம் வழியாகவும் கசிந்து கூரையில் கோடு போட்டது. இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் நெருக்கி வைத்த புண்ணியவான், உள்ளே கறுப்புப் பூச மறந்துவிட்டான்! அவனை இன்றுவரை யாராவது திட்டியிருக்கிறார்களா? திட்டு எல்லாம் எனக்குத்தான்.

கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த கறுப்புப் பெயின்டைப் பூசினேன். அதுவும் பளபளத்தது. எரிச்சலோடு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனபோதுதான் ஸ்மோக் ஹவுஸ் சுவரைப் பார்த்தேன். வருஷக் கணக்கில் படிந்த புகைக்கரி. போன் டார்ச்சை அடித்தேன். சுவர் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டது, ஏப்பம்கூட விடவில்லை. ஒரு டின் நிறையச் சுரண்டிக்கொண்டேன்.

ஒட்டுவதற்கு? இது என்ன கேள்வி, ரப்பர் பால்தான். எங்கள் தோட்டத்தில் பிய்ந்த செருப்பு, வெடித்த வாளி, கிழிந்த பள்ளிக்கூடக் கொப்பி எல்லாமே ரப்பர் பாலில்தான் உயிர் வாழ்கின்றன. ஆனால் பால் காய்ந்தால் மினுங்கும். அதனால் ஈரமாக இருக்கும்போதே மேலே கரித்தூளைத் தாராளமாகத் தூவினேன். பிஸ்கட் பெட்டி அட்டையில் குட்டிக் குட்டித் தடுப்புகள் வெட்டி, அவற்றுக்கும் அதே பூச்சுப் பூசி, லென்ஸைச் சுற்றி வைத்தேன். வெளிச்சம் கசியும் துவாரத்தையும் பாதி மூடினேன்.

போட்டேன். அங்கி கறுப்பு! முடி கறுப்பு! சுவரில் கலா நேரில் நிற்பது போல் நின்றாள். அப்பா சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. (கொஞ்ச நேரம்தான் ஓடவிட்டுப் பார்த்தேன். அதை இப்போது யாரும் நோண்ட வேண்டாம்.)

பரிசம், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். வேலைக்குப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் மண்டபம் அது; ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். ஜன்னல்களில் கம்பளி கட்டி இருட்டாக்கினேன். இருந்தது ஒரே மேசை. அதில் பரிசத் தட்டு, தட்டில் சந்தன நிறப் பட்டுச்சேலை, பக்கத்தில் என் புரொஜெக்டர். துவாரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

படங்கள் ஓடின. தவழும் கலா, பள்ளிக்கூடக் கலா, ஓட்டப் போட்டியில் விழுந்த கலா. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு வாடை வந்தது.

"டேய், இது நம்ம ஸ்மோக் ஹவுஸ் நாத்தமில்ல?" என்றார் அப்பா, ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவர் போல.

மாப்பிள்ளை வீட்டு வேன் டிரைவர் சிங்களவர். வாசலில் இருந்து கத்தினார்: "மல்லி, தும் எனவா!" (தம்பி, புகை வருதாம். எனக்குத் தெரியாதா?)

சித்தி இருமினார். சம்பந்தியம்மா முகத்தைத் துடைத்தார். இருட்டில் எல்லாருமே எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க, கடைசிப் படம் வருது!" என்றேன்.

வந்தது. கறுப்பு அங்கியில் கலா. மண்டபமே மூச்சுக் காட்டவில்லை. அது பிரமிப்பு. மூச்சு விட முடியாததால்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வது வீண் பழி.

யாரோ கம்பளியை இழுத்தார்கள். வெயில் உள்ளே வந்தது. சூட்டில் ரப்பர் பால் உரிந்து, பெட்டிக்குள் இருந்த குட்டி மின்விசிறி அத்தனை கரியையும் வெளியே ஊதியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுடைய வெள்ளைச் சட்டை புள்ளி புள்ளியாக இருந்தது. சம்பந்தியம்மா துடைத்த கையின் விரல்கள் கன்னத்தில் கோடுகளாக இருந்தன. சித்திக்கு மீசையே முளைத்திருந்தது. பரிசச் சேலை முழுக்கக் கரி.

"பரிசச் சேலையில கரி விழுந்திருச்சு. சகுனம் சரியில்ல, எழும்புங்க போவோம்," என்றார் சித்தி.

மாப்பிள்ளையின் அப்பா எழும்பி வாசலுக்குப் போனார், காலால் செருப்பைத் தேடினார். என் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தச் செருப்பு மட்டும் காலில் ஏறியிருந்தால் கல்யாணம் அதோடு சரி. பெட்டி மட்டும் இன்னும் நிதானமாக ஊதிக்கொண்டிருந்தது.

உள் அறையிலிருந்து கலா வந்தாள். நேரே தட்டிடம் போனாள். சேலை மேலிருந்த கரியை விரலில் தொட்டு, ரமேஷின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

"அத்தை, எத்தனை கண்ணு பட்டுச்சோ தெரியல. எங்கண்ணன் எல்லாத்துக்கும் ஒரேயடியா திருஷ்டிப் பொட்டு வச்சிட்டாரு."

ரமேஷ்தான் முதலில் சிரித்தான். பிறகு சம்பந்தியம்மா. சித்தியின் மீசையைப் பார்த்த பிறகு அவருக்குச் சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. அப்பா அவசரமாகச் சேலையைத் துடைக்கப் போக, "தேய்க்காதீங்க அண்ணே, உதறுங்க!" என்று சம்பந்தியம்மா துணிக்கடைக்காரக் குரலில் அதட்டினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. பரிசம் நடந்தது. சுருக்கமாக அல்ல, சாயங்காலம் வரைக்கும்.

கலா சமாளித்துவிட்டாளாம், கெட்டிக்காரியாம். இருக்கட்டும். அந்தக் கரியைக் கொடுத்தது யார்?

இப்போது அவர்களுக்கு ஒரு மகள். பலாங்கொடைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், வெளியே கிளம்பும் முன்னால் சித்தி தவறாமல் கேட்கிறார்:

"புள்ளைக்கு மாமா வச்சாச்சா?"

அந்த வீட்டில் திருஷ்டிப் பொட்டுக்குப் பெயர் மாமா. பெரிய மாமா, சின்ன மாமா, நெற்றி மாமா, கன்னத்து மாமா. மழையில் அழிந்தால் "மாமா கரைஞ்சிருச்சு" என்கிறார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவர்கள் வைப்பது கடையில் வாங்கின மை. வெயிலில் பார்த்தேன், பளபளவென்று மினுங்குகிறது. அதற்குப் போய் என் பெயரை வைத்திருக்கிறார்களே!