பத்து மாத்திரை, நாலு பங்கு

புழலில் மகள் நவ்ரீன் வீட்டில் இருந்துவரும், சகல மரியாதைக்கும் கொஞ்சம் மூச்சிரைப்புக்கும் சொந்தக்காரரான அமீருதீன் அவர்கள் சமூகத்துக்கு, திருவொற்றியூரிலிருந்து சின்னப்பையன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று எழுதச் சொன்னால், எழுதுகிற நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. ஆகவே நான் சுகம் இல்லை. உன் சுகத்துக்கு நாலு வரி போடவும்.

மேலே தேதி போடணுமாம். எனக்குத் தேதி தெரியாது, வருஷம் தெரியும். எண்ணூர் ஆத்துல கறுப்பு எண்ணெய் மிதந்து வந்து, வெள்ளைப் பறவையெல்லாம் தார் பூசின மாதிரி நின்னுதே, அதுக்கு அடுத்த வருஷம். மழை வருதுன்னு பயந்து காருக்காரங்க எல்லாம் மேம்பாலத்து மேல வண்டிய ஏத்தி நிறுத்திட்டு, மறுநாள் வெயில்ல போய் எடுத்துகினு வந்தாங்களே, அந்த ஐப்பசி. நம்ம மேத்யூ மேஸ்திரி பல்லு செட்டு கட்டினதும் அதே மாசம். அதே மாசந்தான் நம்ம ஹார்பர் கேங்குக்கு இருமல் வந்தது. இப்போ தை. தேதிய நர்ஸம்மாவே போட்டுக்கட்டும்.

போன்ல சொல்லியிருக்கலாம். போன்ல உனக்குக் காது கேக்காது. நவ்ரீனுக்குக் கேக்கும், ஆனா அது பாதியை முழுங்கிட்டு மீதியைத்தான் உனக்குச் சொல்லும். அதான் கடுதாசி. அம்மா நவ்ரீன், ஒரு எழுத்து விடாம படி. விசயம் இதுதான் மாமு. மாசில ராயபுரம் டீக்கடைக்கு வரேன்னு சொல்லியனுப்பிச்சியாமே, வராதே. முப்பது வருஷம் கரி இறக்கின நெஞ்சு உன்னுது. இங்க சுத்திகினு கீற இருமல் ஒரு தடவை அதுல குந்திச்சுன்னா எழுந்திரிக்காது. நானும் அங்க வரமாட்டேன். தோஸ்து புழல்ல கீறான்னு சொன்னா எந்தக் கேஸுல உள்ள போனான்னு கேக்கறாங்க, அந்த பேஜாரும் எனக்கு வேணாம். நம்ம சிநேகம் இந்தக் கடுதாசியோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ.

ஜஹாங்கீர் ஊருக்குப் போயிருக்கான்னு நவ்ரீன் உன்கிட்ட சொல்லியிருக்கும். போனது நெசந்தான். திரும்பி வரமாட்டான். மேத்யூ மேஸ்திரியும் கூடவே போய்ட்டாரு. உன் நெஞ்சு தாங்காதுன்னு மறைச்சாங்க, அதுங்க மேல கோச்சுக்காதே. எப்படிப் போனாங்கன்னு என்னைத் தவிர சொல்றதுக்கு ஆளில்ல, அதனால மொதல்லேர்ந்து கேளு.

அந்த ஐப்பசில மொத மொதல்ல இருமினது ஜஹாங்கீர்தான். ரேஷன் கடைப் பக்கத்துல காய்ச்சல் கேம்ப் போட்டாங்க, மூக்குல குச்சி வுட்டு எடுத்துகினு போய்ப் பாப்பாங்க, ரெண்டு நாள்ல சீட்டு வரும். ஜஹாங்கீர் போறேன்னு எழுந்தான். மேத்யூ உக்காரவெச்சுட்டாரு. "காய்ச்சலோட நீ இன்னாத்துக்குடா லைன்ல நிக்கறே? மேஸ்திரி நான் கீறேன் இல்ல?" உனக்கு நெனப்பு கீதா, ஹார்பர்ல டோக்கனு, பூட்ஸு, தீபாவளி வேட்டி, எதுவா இருந்தாலும் எட்டு பேருக்கும் அவரு ஒருத்தருதான் நிப்பாரு, வாங்கியாந்து பிரிச்சுக் கொடுப்பாரு. அந்த நெனப்புல குச்சிக்கும் நின்னுட்டாரு. நர்ஸம்மா கேட்டுச்சு, "எத்தினி நாளா இருமல்?" "நாலு நாளா மா." "சளி எப்படி வருது?" "மஞ்சளா. படுத்தா மூச்சு வாங்குது." அத்தினியும் ஜஹாங்கீரோட நோவு. மூக்கு மட்டும் மேத்யூவோடது. ரெண்டு நாள் கழிச்சு சீட்டு வந்துது, ஒண்ணும் இல்லைன்னு. மேத்யூ டீக்கடைல நின்னுகினு, கப்பல்லேர்ந்து கடைசி மூட்டை எறங்கினா கத்துவாரே அதே குரல்ல, "கேங் கிளியர்" அப்படின்னாரு. ஜஹாங்கீருக்கு சந்தோசம். இருமிகினே சந்தோசப்பட்டான். வழக்கம்போல ஒரே கிளாஸ்ல மூணு பேரும் குடிச்சோம்.

சீட்டு வந்த அஞ்சாம் நாளு ஜஹாங்கீருக்கு மூச்சு வாங்கிப் பேச்சு முழுசா வரல. அவன் சம்சாரம் சாபிரா ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போச்சு. அங்க அவன் மூக்குலயே குச்சி வுட்டுப் பாத்தாங்க, நோவு கீதுன்னுட்டாங்க. சேந்துக்கோன்னு சொன்னதுக்கு வூட்லயே பாத்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, அஞ்சு நாளைக்குப் பத்து மாத்திரைய வாங்கிகினு, மனுசன் வூட்டுக்குப் போகாம நேரா டீக்கடைக்கு வந்தான். பட்டைய மேசை மேல வெச்சான். நம்ம கேங்குல எவனுக்கு எது கெடைச்சாலும் மேசை மேல வெக்கணும் இல்ல? பத்து மாத்திரை. எட்டு பேருல மிச்சம் நாலு பேரு. ஆளுக்கு ரெண்டரை. மேத்யூ கடைக்காரன்கிட்ட கத்தி வாங்கி அறுத்தாரு. அது குப்பி மாத்திரை, உள்ள பவுடரு. பாதி மேசைல கொட்டிச்சு, பாதிய ஊதிட்டாரு. அவரு மூஞ்சியப் பாத்து ஜஹாங்கீரு சிரிச்சான், சிரிப்புல இருமல் வந்து சுவத்தைப் புடிச்சுகினு நின்னான். என் பங்கை நான் டீல போட்டுக் குடிச்சேன். உன் பங்கு ரெண்டரையும் பேப்பர்ல மடிச்சு என் டிரங்குப் பெட்டில கீது. நீ இல்லாட்டியும் உன்னை வுட்டுட்டுப் பிரிக்கல, அத தெரிஞ்சுக்கோ.

நோவு ஒருத்தனுக்கு, மாத்திரை நாலு பேருக்குன்னு யாருக்கும் தோணல மாமு. எனக்கு அன்னிக்கு இருமல்கூடக் கெடையாது. ஆனா கைய நீட்டினேன். மாத்திரை பிரிச்ச ஆறாம் நாளு ஜஹாங்கீர் போய்ட்டான்.

கபர்ஸ்தான் வரைக்கும் மேத்யூ தோள் கொடுத்தாரு. வரும்போதே கைக்குட்டைல இருமிகினு வந்தாரு. நர்ஸம்மா வூடு வூடா வந்துச்சு, அவரு கதவாண்ட நின்னு, "ஐயா, குச்சி எடுத்துப் பாத்துடலாம்" அப்படின்னுது. "எனக்கு ஏற்கெனவே பாத்தாச்சு மா" அப்படின்னு அந்தப் பழைய சீட்டைக் காட்டினாரு. கடைல குடுத்து லேமினேஷன் போட்டு வெச்சிருந்தாரு மாமு. அது ரெண்டு வாரத்துக்கு முந்தின சீட்டு, இன்னிக்குச் செல்லாதுன்னு நர்ஸம்மா சொல்லிச்சு. "மூக்கு என்னுது, சீட்டு என்னுது, எப்படிச் செல்லாமப் போவும்?" அதுக்கு நாலாம் நாளு ஆஸ்பத்திரில மூச்சுக்குக் காத்து வெச்சாங்க, உசுரு நிக்கல. காசிமேட்டுக் கல்லறைல பொதைச்சோம். சட்டைப் பையிலேர்ந்து அந்தச் சீட்டை எடுத்து என்கிட்டதான் கொடுத்தாங்க. தூக்கிப் போட மனசு வரல. அது பொய்யும் இல்ல பாரு, அன்னிக்கு அவருக்கு நெசமாவே ஒண்ணும் இல்ல.

அப்பால எனக்குக் காய்ச்சல். இத எழுதற நர்ஸம்மா பேரு சங்கமித்ரா, புளியந்தோப்புப் பொண்ணு. மொத நாளே வந்து மூக்குல குச்சி வுட்டுச்சு, கண்ணுல தண்ணி கொட்டிச்சு. யாரு யாரு மருந்து சாப்பிட்டீங்கன்னு கேட்டுது. பங்கு போட்ட கதையச் சொன்னேன். தண்ணிக் கேன் மேல குந்திடுச்சு. டாக்டரு பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. காலைலயும் சாயங்காலமும் வந்து, நான் முழுங்கறத நின்னு பாத்துட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிட்டுத்தான் போச்சு. பத்தும் எனக்கே. நாப்பது வருஷம் ஹார்பர்ல ஒரு பொருளும் முழுசா எனக்குன்னு வந்ததில்ல. மொத தடவை வந்தது மாத்திரை. பொழச்சுட்டேன். ஏன் பொழச்சேன்னுதான் தெரியல.

இப்போ அதுக்கு மேல ஒரு தொல்லை. வெள்ளிக்கெழமை தடுப்பூசி கேம்பாம். "வாங்க தாத்தா" அப்படின்னுது. "நான்தான் பொழச்சிட்டேனே மா." "இது அடுத்த தினுசு வந்தா தடுக்கறதுக்கு." "வந்தா வரட்டும். யாரு கூட டீ குடிக்கறதுக்கு நான் கெடக்கணும்?" இப்ப இத எழுதும்போது மொறைக்குது. எழுதும்மா, சொன்னத எழுது. சத்தியமா சொல்றேன் மாமு, நான் ஊசி போட்டுக்க மாட்டேன், பஸ் ஏற மாட்டேன், உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். டீக்கடைல நாலு பேரு குந்தின எடத்துல ஒருத்தனா குந்திகினு கெடக்கறேன், அது போதும் எனக்கு.

நவ்ரீன் வீட்டு அடுப்பு என்றைக்கும் அணையாமல் இருக்கட்டும். உன் மூச்சு ஒரு சீராக வரட்டும் என்று உன் அல்லாவையும் எங்கள் பெரியபாளையத்தம்மனையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். மேத்யூ இருந்தால் அவர் மாதாவையும் கேட்டிருப்பார்.

இப்படிக்கு,
சின்னப்பையன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: வெள்ளிக்கெழமை நேத்தோட போச்சு. ஊசி போட்டாச்சு. போட்டாத்தான் கடுதாசிய முடிச்சுக் கொடுப்பேன்னு நர்ஸம்மா சொல்லிடுச்சு. வேற யாருக்கும் என் பேச்சு இந்த வேகத்துல எழுத வராது, அதனால சட்டையத் தூக்கினேன். வலது தோளு வீங்கிகினு கீது, நல்லவேளை ரேகைக்கு இடது கைதான். மேல சொன்னத அடிச்சுடவான்னு கேட்டுது. வேணாம், சொன்னது சொன்னதுதான் கெடக்கட்டும்னேன். எடுபடறதுக்கு ரெண்டு வாரமாம். அப்பால இருமல், காய்ச்சல் ஒண்ணும் இல்லைன்னா மாஸ்க் போட்டுகினு பஸ் ஏறிடுவேன். நீ வராதே, நான் வரேன். எனக்குத் தனி கிளாஸ் எடுத்து வையுங்க. உன் பங்கு ரெண்டரை மாத்திரைய இந்தப் பொண்ணு புடுங்கிகிச்சு, அதுக்குப் பதிலா உன் பேரைப் புழல் பக்கத்து நர்ஸுகிட்ட சொல்லிக்கீது. ஊசியோட வந்தா நீயே எழுந்து வந்து கைய நீட்டு. உனக்காக நவ்ரீன் போட்டுக்கக் கூடாது, இதுக்கெல்லாம் மேஸ்திரி கெடையாது. காலைல கப்பல் வயித்துல எறங்கறதுக்கு முன்னால மேத்யூ எட்டு பேரு பேரையும் கூப்பிடுவாரே, குரல் கொடுத்தவன்தான் எறங்கணும். நேத்து டீக்கடைல நானே கூப்பிட்டுப் பாத்தேன். ஆறு பேருக்குக் குரல் வரல. என் பேருக்கு நானே கொடுத்துகினேன். மிச்சம் ஒரே பேருதான், அது அங்க வந்து கூப்பிடறேன்: அமீருதீன்.