வீட்டில் செய்த கேக்

நான் எந்தக் காரியத்தையும் மூன்று முறை யோசித்துவிட்டுத்தான் செய்வேன். மூன்று முறையும் பிழையாகவே யோசிப்பேன் என்பது மகளின் நான்காவது பிறந்தநாளன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

எங்கள் வீடு குண்டசாலையில். கணவருக்குப் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. (பெயர் வேண்டாம். ஒருமுறை பெயரைச் சொல்லிப் பட்டது போதும்.) நாங்கள் குடிவந்த புதிதில் அதன் தரையில் முகம் பார்க்கலாம். உள்ளே போனால் குளிர்ந்த காற்றும் எலுமிச்சை வாசமும். கைக்குழந்தையோடு வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கும் பகல்களில் அங்கேதான் போய் நடப்பேன். சும்மா வெளியே வர வெட்கப்பட்டு ஒரு பாக்கெட் உப்பு வாங்குவேன். (ஒரு கட்டத்தில் எங்கள் வீட்டில் பதினொரு பாக்கெட் உப்பு இருந்தது.)

பிறகு விலைகள் ஏறின, கடை இறங்கியது. முதலில் பாதி விளக்குகளை அணைத்தார்கள். பிறகு தள்ளுவண்டிகள் தங்களுக்கு விருப்பமான பக்கம் போகத் தொடங்கின. பருப்புப் பாக்கெட்டுக்குள் வண்டு குடியிருந்தது. மரக்கறித் தட்டில் கீரை தண்ணீராகிக் கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் பெட்டியின் அடியிலிருந்து கசிந்த தண்ணீருக்கு ஒரு சாக்கைப் போட்டார்கள். சில மாதங்களில் அந்தச் சாக்கின் மேல் இன்னொரு சாக்கு வந்தது. ஊழியர்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். புத்தியுள்ள தாய் போவதை நிறுத்தியிருப்பாள். நான் தவறாமல் போனேன், தவறாமல் மனம் வருந்தினேன்.

ஒருநாள் மகள் அந்தச் சாக்கருகே வழுக்கி விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்தபோது உள்ளங்கை கறுப்பாக இருந்தது. நான் பையிலிருந்து துணியை எடுப்பதற்குள் அந்தக் கையை வாயில் வைத்துவிட்டாள்.

அன்று மாலை முன்பள்ளித் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் கடையில் எடுத்த ஒன்பது படங்களைப் போட்டேன். கூடவே, ‘தாய்மார்களின் கவனத்திற்கு’ என்று தலைப்பிட்டு ஏழு அம்சங்கள் கொண்ட அறிவித்தல். கடைசி அம்சம்: ‘மேற்படி நிறுவனத்தின் எந்தவொரு உணவையும் நம் பிள்ளைகளுக்கு வழங்காதிருப்போமாக.’ (சுகாதாரப் பரிசோதகர்கூட இப்படி எழுதியிருக்க மாட்டார்.)

அலவத்துகொடவைச் சேர்ந்த ஃபர்ஹானா ராத்தா உடனே குரல் பதிவு அனுப்பினார். “அல்லாஹ்வே! நேத்துதான் அங்க பட்டர் வாங்கினேன். நல்ல வேள சொன்னீங்க தங்கச்சி. இனி அந்தப் பக்கம் தலவெச்சும் படுக்கமாட்டேன்.” பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நான் நாலைந்து முறை எண்ணிப் பார்த்தேன்.

மூன்று கிழமை கழித்துப் பிறந்தநாள் வந்தது. மகள் பிறந்ததிலிருந்து மற்றப் பிள்ளைகளோடு ஒரு பிறந்தநாளும் கொண்டாடியதில்லை. முதல் வருடம் ஊரடங்கு, இரண்டாம் வருடம் பெற்றோல் வரிசை, மூன்றாம் வருடம் என் அப்பா இறந்த துக்கம். இந்த வருடமாவது அவளைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்று கேக் சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கேக் செய்து தருவதாகச் சொன்ன பெண் சனிக்கிழமை காலை அழைத்தாள். மகனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் நிற்கிறாள். நான் கணவரைக் கேக் வாங்கக் கண்டி டவுனுக்கு விரட்டினேன். முக்கால் மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். கேக் பெட்டியின் மேல் அந்தக் கடையின் பெயர், என் உள்ளங்கை அளவுக்கு.

“எங்க வாங்குனீங்க?”

“பக்கத்துலதான். இந்த மழையில டவுனுக்குப் போயிருந்தா தென்னக்கும்புர பாலத்துலயே பொறந்தநாள் முடிஞ்சிருக்கும். பாரு, ஒரு பொண்ணு பேரெல்லாம் அழகா எழுதிக் குடுத்துச்சு.”

“அந்தக் கடையப் பத்தித்தானே படம் போட்டேன்!”

“எங்க போட்ட? என்னைய அந்தக் குரூப்புல நீ சேக்கவே இல்லையே.”

பிள்ளைகள் வர இரண்டு மணி நேரம் இருந்தது. மூன்று முறை யோசித்தேன். உண்மையைச் சொல்லலாம், யாரும் தொட மாட்டார்கள். கேக்கே வேண்டாம் எனலாம், மகளின் முகத்தைப் பார்க்க முடியாது. மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. கேக்கை எங்கள் வீட்டுத் தட்டுக்கு மாற்றினேன். பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டித் தேங்காய்ச் சிரட்டைகளுக்கு அடியில் புதைத்தேன்.

“பொணத்தையா மறைக்கிற?” என்றார் கணவர்.

கேக்கின் ஓரத்தில் கிரீமில் செய்த ரோசாப்பூக்கள் மிக நேர்த்தியாக இருந்தன. அவற்றைக் காட்டினால் நான் செய்ததென்று எந்தக் குருடனும் நம்பமாட்டான். கரண்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாக நசுக்கினேன்.

பிற்பகலில் பன்னிரண்டு பிள்ளைகளும் தாய்மாரும் வந்தார்கள். ஃபர்ஹானா ராத்தா மகனின் கையைப் பிடித்தபடி கேட்டார்: “எந்தக் கட கேக், தங்கச்சி? நீங்க சொன்னதுக்குப் பொறகு கேக்காம ஒன்டும் குடுக்கிற இல்ல.”

“வீட்டுல செஞ்சது ராத்தா,” என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். “ஒம்பது முட்டை போட்டேன்.”

மெழுகுவர்த்தி அணைந்தது, பாட்டு முடிந்தது. தட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கடைசியாக வந்திருந்த சிறுமி ஹரிணி கேக்கை உற்றுப் பார்த்தாள்.

“அம்மா, இது நீங்க காலையில பேரு எழுதுன கேக்கு! பூவெல்லாம் யாரோ நசுக்கிட்டாங்க.”

அவள் தாய் நிரோஷா ஹேவாஹெட்ட தோட்டத்துப் பெண். அன்றுதான் முதல்முறை சந்திக்கிறேன் என்று நினைத்து, “வாங்க, வாங்க” என்று வரவேற்றிருந்தேன். உண்மையில் அந்தக் கடையின் பேக்கரிப் பகுதியில் இரண்டு வருடமாக அவள் கையால்தான் பாண் வாங்கியிருக்கிறேன். தொப்பிக்கும் முகமூடிக்கும் இடையில் இருந்த கண்களை ஒருநாளும் பார்த்ததில்லை. குழுவில் அவளும் இருந்தாள். என் ஏழு அம்சங்களையும் வாசித்திருப்பாள்.

“இல்ல பாப்பா, அது வேற கேக்கு,” என்றாள் நிரோஷா, என்னைக் காப்பாற்ற.

“இதேதாம்மா! நான் பக்கத்துல கதிரையில உக்காந்து பாத்தேனே!”

ஃபர்ஹானா ராத்தாவின் கை மகனின் தட்டை மூடியது. அதைப் பார்த்து மற்றக் கைகளும் மூடின. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். என் மகள் உதட்டில் கிரீமோடு நிமிர்ந்தாள். “அம்மா, ஏன் ஒருத்தரும் சாப்பிடல?”

நிரோஷாதான் பேசினாள்.

“அக்கா போட்ட படமெல்லாம் சரிதான். முன்ன நாங்க பதினாலு பேரு, இப்ப அஞ்சு பேரு. பாண் குடுக்கிறதும் நான்தான், தரை துடைக்கிறதும் நான்தான். அந்த ஐஸ் பெட்டியத் திருத்தச் சொல்லி மாசா மாசம் எழுதிக் குடுக்கிறோம், யாரும் வர்றதில்ல.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். “ஆனா இந்தக் கேக்கு காலையிலதான் வந்துச்சு. கண்ணாடிப் பெட்டிய சோப்புப் போட்டுத் தொடச்சிட்டுத்தான் உள்ள வெச்சேன். பாருங்க, எம் புள்ளைக்கே குடுக்கிறேன்.”

ஒரு துண்டை எடுத்து ஹரிணிக்கு ஊட்டினாள். பிறகு தானும் சாப்பிட்டாள். அறையில் அவர்கள் இருவரும் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

ஃபர்ஹானா ராத்தா மெல்ல ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். பன்னிரண்டு பிள்ளைகளும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நல்லா ஈக்கி,” என்று ருசித்துத் தலையாட்டினார். “ஒம்பது முட்டதான் கொஞ்சம் கூடிப்போச்சு.”

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கைகள் விலகின. பிள்ளைகள் நசுங்கிய பூக்களுக்காகச் சண்டை பிடித்தார்கள். என் மகள் நடுவில் நின்று அதைப் பார்த்துக் கைதட்டினாள். நான் குசினிக்குள் போய், தேவையில்லாமல் ஒரு சுத்தமான கோப்பையைக் கழுவினேன்.

நிரோஷா பின்னால் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். “எங்களுக்குள்ள போட்டு என்னக்கா பிரயோசனம்? மேல இருக்கிறவங்களுக்கு அனுப்பியிருக்கலாம்,” என்றாள். மறுநாளே ஒன்பது படங்களையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். என் கருத்து அவர்களுக்கு மிகவும் பெறுமதியானதென்று பதில் வந்தது. அதன் பிறகு ஐஸ்கிரீம் பெட்டியின் கீழ் மூன்றாவது சாக்கு வந்தது. நிரோஷா இப்போதும் அதைப் பிழிந்து போடுகிறாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறேன்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. அன்றைய நாளில் அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கிறதென்று கேட்க எனக்குப் பயம். யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும், “இது எந்தக் கடை?” என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள். கல்யாண வீட்டில் கேட்டாள், செத்த வீட்டிலும் கேட்டாள். என் கணவருக்கு இது ஒவ்வொரு முறையும் புதுப் பகிடி.

போன மாதம் கோயிலில் ஐயர் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தபோது, பின்னால் வரிசை நீண்டு நிற்க, அவரிடமும் கேட்டாள்.

“கடை இல்லம்மா, இங்கேயே செஞ்சது,” என்றார் ஐயர்.

மகள் பொங்கலை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் விரலை நீட்டினாள்.

“அம்மாவும் அன்னைக்கு அப்படித்தான் சொன்னாங்க.”