மணிக்கொரு தரிசனம்

ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கை நூறு சதவீதம் குணப்படுத்திய மகான், ஒரகடம் வரலாற்றிலேயே மேலாளர் திருநாவுக்கரசு ஒருவர்தான்.

ஆடிட்டுக்கு முதல் நாள் அவர் நெட்வொர்க் டெக்னீஷியன் சௌந்தர்யாவை அழைத்தார். சுவர் டிவியில் கண்காணிப்பு கிராஃப் சிவப்புச் சிவப்பாகப் பற்களைக் காட்டியது.

"இன்னாம்மா இது, இளிச்சிகினு கீது?"

"மூணாவது லைன் நெட்வொர்க் சுவிட்ச் சார். அடிக்கடி விழுந்து விழுந்து எழுந்துக்குது. மாத்தியே ஆவணும்."

"எத்தினி நேரத்துக்கு ஒருவாட்டி செக் பண்ணுது?"

"முப்பது செகண்ட் சார்."

"அதான்! சும்மா எட்டி எட்டிப் பாத்தா யாருக்குமே கூச்சமாத்தாம்மா இருக்கும். மணிக்கு ஒருவாட்டி போதும். கிராஃபையும் நாள் சராசரியா வை."

வைத்தாள். பற்கள் உதிர்ந்தன. பச்சைக் கோடு ஒன்று பரம சாதுவாகப் படுத்துக்கொண்டது. ஆடிட்டர்கள் மெய்சிலிர்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு "ஒழுங்கு விசாரணை" வந்தது. மூன்றாவது லைன் ஆபரேட்டர் மாரிமுத்து ஷிஃப்டுக்கு நாற்பது முறை சும்மா நிற்கிறானாம். ஆபரேட்டர்களைக் கவனிக்கும் மென்பொருள் விநாடிக்கு ஒரு முறை பார்க்கும். அவர்களுக்குக் கூச்சம் கிடையாது என்பது நிர்வாகத்தின் கொள்கை.

"எக்கா, நெட்வொர்க் போனா திரை செத்துப்போவுது. ஸ்கேன் ஆவாம பார்ட்ட எப்படி அனுப்ப? நின்னுதான ஆவணும்?" என்றான் மாரிமுத்து. சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருப்பவன். "வேல போச்சுன்னா இன்னைக்கே தின்னவேலி பஸ்தாங்க்கா."

விசாரணை நாளன்று ஷிஃப்ட் தொடங்கும்போதே சௌந்தர்யா சத்தமில்லாமல் செக் இடைவெளியை முப்பது விநாடியாக்கி, நாள் சராசரியையும் எடுத்துவிட்டாள். மதியத்துக்குள் பற்கள் முளைத்துவிட்டன. நெட்வொர்க் விழுந்த நேரமும் மாரிமுத்து நின்ற நேரமும் அச்சு அசலாக ஒன்று. இரண்டு தாளையும் மேசைமேல் வைத்தாள்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து இந்தப் பழுது இருந்திச்சா?"

"இருந்திச்சு சார். கிராஃப்ல தெரியல."

"தெரியலன்னா இல்ல. நீ கை வெச்சே, வந்திச்சு. அப்போ கெடுத்தது யாரு?"

சௌந்தர்யா கையில் மெமோ ஏறியது. நான்கே விநாடியில் இடைவெளி மறுபடி ஒரு மணி நேரமானது, கிராஃப் நாள் சராசரியானது. மாலைக்குள் அறிக்கையும் தயார்:

"பழுது நீக்க ஆன நேரம்: நான்கு விநாடி. கழற்றி நீக்கிய பாகம்: மாரிமுத்து, ஒன்று."