டிரங்க்கால் மாமியின் முழு மொட்டை

பெங்களூரில் பெருமாளிடம் பேரம் பேசாத ஒரே ஆத்மா டிரங்க்கால் மாமிதான். மற்றவர்களெல்லாம் காய்ச்சல் கண்டால் மொட்டை என்று வேண்டிக்கொள்வோம். காய்ச்சல் இறங்கியதும், 'பூமுடி என்று மூன்று கொத்து நறுக்கிக் கொடுத்தால் போதாதா?' என்று சாஸ்திரிகளைத் தேடிப் போவோம். மாமிக்கு அந்த வழக்கம் கிடையாது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மல்லேஸ்வரத்தில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் நான் குடியிருந்தேன். மாமிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் டிரங்க்கால்களை இணைத்துவிடும் வேலை. அவர் மெட்ராஸைக் கூப்பிடக் கம்பி தேவையில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டாலே போதும் என்பார்கள். கணவர் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். தம்பதிக்கென்று ஆண்டவன் அளந்துவைத்த பேச்சு முழுவதையும் மாமியே பேசிவிட்டதால், அவர் சும்மா இருந்தார்.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமியின் மாமியார். எங்களுக்கெல்லாம் அவர் பெரியம்மா. சின்ன வயசிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி தலையை மழித்து, நார்மடிப் புடவையைச் சுற்றி, சமையற்கட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் பெரியம்மாவுக்கு டைபாய்டு. டாக்டர் கையை விரித்ததும் மாமி வாசலுக்கு வந்து, திருப்பதி இருக்கும் திசையைப் பார்த்து, "அம்மாவை எழுப்பி விட்டுடு. என் தலைமுடி பூராவும் உனக்கு" என்றார். முழங்காலைத் தொடும் பின்னல் அது. தெருவுக்கே கேட்டது. பெருமாளுக்கும் கேட்டிருக்க வேண்டும். பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக வேண்டுதலை எதிர்த்தார்.

"சுமங்கலி மொட்டை அடிச்சுக்கறதாவது? மூணு கொத்து பூமுடி குடுத்துட்டு வா."

"பூரா முடின்னு சொல்லியாச்சேம்மா."

"அதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்."

"இனிமே முடியாது. பெருமாள் காரியத்தை முடிச்சுட்டார்."

பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். "நாணு, நீயும் கூடப் போ. பூமுடிக்கு மேல கத்தி பட்டா நீ இந்த ஆத்துல காலெடுத்து வைக்காதே."

எனக்கு வேறு வீடு கிடையாது. கோலார், சித்தூர் என்று பஸ் குலுங்கிய வழியெல்லாம் மாமிக்கு எடுத்துச் சொன்னேன். மாமி வாத்தியாரின் தோளில் சாய்ந்து தூங்கினார். மலைமேல் கல்யாணகட்டத்தில் முடி இறக்குகிறவர் பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "பூமுடிதானேம்மா?" என்று கேட்டார். நான் வேகமாகத் தலையாட்டினேன். வாத்தியாரும் ஆட்டினார்.

"அவா தலையை ஆட்டட்டும், நீ என் தலையைப் பாரு. பூராவும் எடு" என்று மாமி சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

புஷ்கரிணியில் முழுகி, முறைப்படி முதலில் வராகசாமியைச் சேவித்து, பிறகு சன்னதிக்குப் போனோம். "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளினார் ஒருவர். "இருப்பா, சொன்னபடி வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கறேன்" என்று மாமி டிரங்க்கால் குரலில் பெருமாளிடம் விஷயத்தைச் சொல்லி முடித்தார். தள்ளினவர் அதுவரை அசையவில்லை.

திரும்பி வந்தோம். பெரியம்மா மாமியின் தலையைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னையே எனக்குக் கண்ணாடியில பாக்கப் பிடிக்காதுடி. உன்னையும் இப்படிப் பாக்கணுமா?"

மாமி குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்றுதான். "உங்க முடியை உங்களைக் கேக்காம எடுத்துட்டா. என்னோடதை நானே குடுத்தேன். ரெண்டும் ஒண்ணில்லைம்மா."

அப்புறம் தாழ்ப்பாள் விலகியது. என்னைத் துரத்த வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார். நானும் நினைவூட்டவில்லை.

ஆபீஸில் சூப்பர்வைசர், தலையை மறைக்க ஒரு ஸ்கார்ஃப் கொடுத்தாள். மாமி தாங்ஸ் சொல்லி வாங்கி, அதைக்கொண்டு ஸ்விட்ச்போர்டைத் தூசி தட்டினார்.

நவராத்திரி வந்தது. எதிர்வீட்டுக் கொலுவில் எல்லாப் பெண்களுக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்த அந்த வீட்டம்மாள், மாமியின் முன்னால் மட்டும் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஏம்மா, முடிதானே போச்சு? நெத்தி இருக்கே" என்று மாமி தானே குங்குமத்தை எடுத்து, எட்டணா அகலத்துக்கு இட்டுக்கொண்டு, இன்னொரு தடவை சுண்டலும் கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை எதிர்வீட்டம்மாள் பெரியம்மாவிடம் புகார் சொல்ல வந்தாள். "உங்க மாட்டுப்பொண் இப்படி வந்து நின்னா அபசகுனமா இருக்காதா, பெரியம்மா?"

வாசலுக்கே வராத பெரியம்மா, வெளிக் கேட் வரை நடந்து வந்தார்.

"அவ முடியைக் குடுத்தது என் உசிருக்கு. நான் உசிரோட இருக்கறது உனக்கு அபசகுனமா?"

எதிர்வீட்டம்மாள் கேட்டருகே கழற்றிய செருப்பைக்கூட மறந்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் பெரியம்மா மல்லிகை வாங்கிவரச் சொன்னார். கணவர் போன நாளிலிருந்து பூவைத் தொடாதவர், கூடத்தில் உட்கார்ந்து சரம் தொடுத்தார். மாமியின் மொட்டைத் தலையில் அதைச் சுற்றினார். சரம் வழுக்கி மூக்கில் விழுந்தது. மறுபடி சுற்றினார், இந்தத் தடவை காதில் தொங்கியது. இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். வாத்தியாரும் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் தாடைக்குக் கீழே நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்தினார்கள். மாமி அப்படியே கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார்.

பிற்பாடு அவர்கள் மாற்றலாகி மைசூர் போனார்கள், போக்குவரத்து விட்டுப்போயிற்று. திருப்பதிக்கு நான் வருஷம் தவறாமல் போகிறேன். சன்னதியில் நிற்கக் கிடைக்கும் அந்த ஒரு நொடியில், மாமி சௌக்கியமா என்று பெருமாளை விசாரிக்கத்தான் முடிகிறது. எனக்கென்று கேட்க நேரம் இருப்பதில்லை.