பெரிய நாடு பிடுங்கிய முளை

காஞ்சிபுரம்
9-8-1969

பொறுமையில் சிறந்த அக்கா ரத்னமாலா அவர்களுக்குத் தங்கை தயாவதி வணக்கத்துடன் எழுதியது. இங்கே என் உடம்பு மட்டும் சௌக்கியம். வந்தவாசியில் நீ, அத்தான், குழந்தைகள், எருமை எல்லோரும் சௌக்கியம்தானே?

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து, எதிர்வீட்டு வாசலில் தையல்நாயகி இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் வாசல் தெளிக்கப் போனேன். அண்டை நாடுகளின் நல்லுறவைப் பற்றிப் பதினான்கு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவளின் லட்சணம் இது.

என் ரேடியோப் பேச்சில் சின்ன நாடு, பெரிய நாடு உதாரணம் பிரமாதம் என்று எழுதியிருந்தாய். அந்த உதாரணத்தால்தான் தலைகாட்ட முடியவில்லை. தறிக்காரர்கள் விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்களே, தையல்நாயகி வீட்டுப் பாவின் ஒரு முனை என் வாசலோரத்தில் அடித்திருந்த மர முளையில்தான் கட்டியிருந்தது. அதன் அடியில் குனிந்துபோய்த்தான் நான் காலேஜுக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இதை மைக்கில் எப்படிச் சொன்னேன்? சின்ன நாடு பெரிய நாட்டின் வாசலை மறித்ததாம், பெரிய நாடு பொறுமை காத்ததாம், சின்ன நாடு தானாகவே திருந்தி விலகிக்கொண்டதாம். பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு, எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டல்லவா கேட்டது! மறுநாள் குழாயடியில் தையல்நாயகி பிடித்துக்கொண்டாள். "ஏன் டீச்சரம்மா, அந்த அடங்காத சின்ன நாடு நான்தானாமே? நேபாளமா பர்மாவான்னு சொல்லிடுங்க, எங்க வூட்டுக்காரு கேட்டுக்கினே இருக்காரு." சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் அசடாக, "பர்மா மாதிரி..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். மளிகைக்கடை முனிசாமி இப்போது அவளைப் பார்த்தாலே, "பர்மாவுக்கு இன்னா வேணும், பருப்பா புளியா?" என்கிறார். அவள் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். நான் டைபாய்டில் கிடந்தபோது இருபது நாள் கஞ்சி கொண்டுவந்தவள், அக்கா.

கேவலம் இன்னும் பாக்கி இருக்கிறது. சின்ன நாடு தானாக விலகவில்லை. ஒருநாள் குனிந்தபோது என் கொண்டை பாவில் மாட்டிக்கொண்டு, தெருவே சிரித்தது. அன்று மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து முளையைப் பிடுங்கி என் வீட்டுக் கிணற்றில் போட்டேன். யாரோ விறகுக்கு எடுத்துப்போனதாக அவள் நினைத்தாள். "உங்க வாசல் வரைக்கும் வந்து புடுங்கிக்கினு பூட்டானுங்களே, தனியா வேற இருக்கீங்க, கதவ நல்லா தாப்பா போட்டுக்கங்கம்மா" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அன்று முதல் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பாவைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தாண்டிப் போகிறார்கள்.

ஆகவே ரேடியோக்காரர்கள் கேட்ட இரண்டாவது பேச்சுக்கு, தொண்டை சரியில்லை என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். இனி என் வாயில் உதாரணமே வராது. அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகள் படித்து, என்னைப் போல் ஆகாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்த தங்கை
தயாவதி

பி.கு.: தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கவரை இப்போதுதான் கிழித்தேன். வியாழக்கிழமை பேசப் போகிறேன். முளையைப் பிடுங்கியது பெரிய நாடு, அந்தப் பெரிய நாடு நான் என்று. இது இன்னும் யாருக்கும் தெரியாது, அத்தானிடமும் சொல்லாதே. புதன்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவேன். இந்தத் தடவையும் அவள் ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.