உதயசூரியனின் ஹாக்கிப் போட்டோ

வெள்ளிக்கிழமைக்குள் தன் கால்களில் ஒன்று உடைந்தாக வேண்டும் என்று உதயசூரியன் முடிவெடுத்தார். வலிக்காமல் உடைந்தால் உத்தமம்.

திருமயம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் அவர் ஆசிரியர். பள்ளிக்கு ஹாக்கி மட்டைகள் வந்து இறங்கிவிட்டன. எதிராளி கொண்டு வரும் பந்தைத் தடுப்பது எப்படி என்று ஐந்தாம் வகுப்புக்கு அவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் வந்து பார்ப்பார். அந்த வகுப்பில்தான் மகள் கார்முகிலும் படிக்கிறாள். மகள் முன்னால் மானம் போவதைவிடக் கால் போவது மேல்.

வினை அவரே விதைத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், பெண் பார்க்கும் நேரத்தில், கல்லூரி ஹாக்கி கேப்டன் என்று ஒரு புளுகு. அதற்குச் சாட்சியாக நண்பனின் மட்டையோடு ஒரு போட்டோ. இப்போது மனைவி செங்கமலம் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. "எங்க வீட்டுக்காரரு கேப்டனால்ல இருந்தாரு" என்று தலைமையாசிரியை காதில் போட்டவளே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை, "ஒடம்பு கொதிக்குது" என்று ஆரம்பித்தார்.

செங்கமலம் நெற்றியைத் தொட்டாள். "குளுந்துதான கெடக்கு. எதுக்கும் ஒரு மாத்திரை போட்டுக்கங்க."

புதன்கிழமை, "ஜெகதாப்பட்டினம் போயி ஒங்க அண்ணனப் பாத்துட்டு வரவா?" என்றார்.

"எதுக்கு அம்புட்டுத் தூரம்? வெள்ளிக்கிழமை அண்ணனே இங்கிட்டுதான் வருது, நீங்க சொல்லிக் குடுக்குறதப் பாக்க."

வியாழக்கிழமை குளியலறையில் வாளியை உருட்டிவிட்டு, "ஐயோ" என்றார். வலது கணுக்காலில் தானே கட்டும் போட்டுக்கொண்டார். செங்கமலம் வந்து காலைப் பார்த்தாள். வாளியையும் பார்த்தாள்.

"ஓட வேணாங்க. நாற்காலியில உக்காந்து வாயால சொல்லுங்க. கேப்டனுக்கு வாய் போதாதா?"

அன்று ராத்திரி அவர் கட்டை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் அலுவலர் இருந்தார், மச்சினர் இருந்தார், குழுத் தலைவியாகச் செங்கமலம் இருந்தாள், நாற்காலியில் அவரும் இருந்தார். கார்முகில் மட்டையோடு வந்து நின்றாள். பள்ளியில் அப்பாவும் அவளுக்குச் சார்தான்.

"சார், ஒருத்தன் பந்தோட ஓடியாந்தா மொதல்ல என்ன செய்யணும்?"

"மொதல்ல... பயப்படக் கூடாது" என்றார்.

செங்கமலம் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "சாருக்குக் கால் முடியல. வீட்டுல அவரு சொல்லிக் குடுத்தத நான் செஞ்சு காட்டுறேன். முட்டிய மடக்கு. மட்டை தரையோட இருக்கட்டும். பாயாத. ஒரு பக்கத்த மறிச்சுக்க. அவன் மறுபக்கம் ஓடுவான். கூடவே போயி கோட்டுக்கு வெளிய தள்ளிரு."

அரை மணி நேரத்தில் பந்தோடு வந்த பையன்கள் எல்லோரும் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். அலுவலர் உதயசூரியனின் கையைக் குலுக்கினார். அவரும் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டார்.

திரும்பும்போது செங்கமலம் ஸ்கூட்டி ஓட்டினாள், கால்கட்டுக்காரர் பின்னால்.

"நீ எங்க கத்துக்கிட்ட?"

"படிக்கிறப்ப ஹாக்கி டீமுல நாலு வருசம் ஃபுல்பேக்கு. கோலுக்கு முன்னால நின்னு தடுக்குற ஆளு."

அவர் குரல் இறங்கியது. "அப்ப என் கதை ஒனக்கு..."

"போட்டோவப் பாத்தப்பவே தெரியும். மட்டையோட உருண்டைப் பக்கம் பந்துல பட்டாலே தப்பாட்டம். நீங்க அந்தப் பக்கத்தத்தான் பந்துல வச்சுக்கிட்டு சிரிச்சீங்க."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்ட?"

"பொய் சொன்னா ஒடனே மாட்டிக்கிற மாப்பிள்ளை. இதவிட நிம்மதி வேறென்ன வேணும்னு சரின்னுட்டேன்."

வீடு வந்தது. மானம் போனதில் அவர் கால்கட்டையும் மறந்து இறங்கப் போனார்.

"நொண்டிக்கிட்டு எறங்குங்க" என்றாள் செங்கமலம். "எங்கண்ணன் பின்னாடிதான் வருது."